பீரோவை ஒதுங்க வைப்பதும் பழைய துணிகளை வழியனுப்புவதும்: நெல்லை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லைப் பக்கத்தில் ஒரு வீட்டு ஸ்டீல் பீரோவைத் திறந்தால் மூன்று தலைமுறைத் துணி இருக்கும். ஆச்சியின் சுங்குடி, அம்மாவின் முகூர்த்தப் பட்டு, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பள்ளிக்கூடம் போன காலத்துச் சட்டை, எல்லாம் ஒரே தட்டில் அமுங்கிக் கிடக்கும். சொந்தக்காரர் வீடுகளிலும் எங்கள் தெருவிலும் பீரோ ஒதுங்க வைக்க, அதாவது துணிகளைப் பிரித்து அடுக்க, உதவிக்குப் போகிறவள் நான். போன இடமெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பீரோவைத் திறந்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கே தொடங்க?

மனசு ஒட்டாத தட்டில் தொடங்குங்கள். சாயம் போன உள்பாவாடை, அளவு சேராத ஜாக்கெட், காலர் நைந்த சட்டை, இதற்கெல்லாம் யாரும் அழப்போவதில்லை. அம்மா சேலையை முதலில் கையில் எடுத்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும்.

அடுத்து பொங்கல் வேட்டி சேலை. 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய திட்டம் அது. ரேஷன் கடையில் வாங்கி வந்து, மடிப்புக்கூடப் பிரிக்காமல் வருஷக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிற வீடுகள் நிறைய. உடுத்துகிறவர்கள் கையில் கொடுத்தால் அது நாளைக்கே கொடியில் காயும். அதை எடுத்ததுமே பீரோவில் ஒரு தட்டு காலியாகிவிடும், உங்களுக்கும் தெம்பு வரும்.

ஒரு தட்டை முடித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போங்கள். எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினால் ராத்திரி படுக்க இடம் வேண்டுமே என்று அப்படியே அள்ளித் திணிக்கத்தான் செய்வோம்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

மாசி, பங்குனி. காற்றில் ஈரம் இல்லாத நாட்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எப்படியும் எல்லாம் வெளியே வரும், அப்போது பிரித்து மட்டும் வைக்கலாம். பட்டைக் காற்றாட விடுவதைப் பனி போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பட்டு மடிப்பைப் பிரிக்கவே வேண்டாம். தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் ஆனி, ஆடிச் சாரலையும் தவிர்க்க வேண்டும்.

ஒரு வருஷம் உடுத்தாத துணியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்களே, சரியா?

நம் வீடுகளுக்கு அது பொருந்தாது. கனமான பட்டு வருஷத்துக்கு ஒரு கல்யாணம், ஒரு கொடைவிழா என்றுதான் வெளியே வரும். சில வருஷம் வராமலும் போகும். அதற்காக அது வேண்டாத துணி ஆகிவிடாது.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: இந்தத் துணிக்கு இந்த வீட்டில் ஏதாவது வேலை இருக்கிறதா? உடுத்துவது ஒரு வேலை. பேத்திக்குப் பாவாடையாக வெட்டப் போகிறோம் என்பது ஒரு வேலை. ஆச்சி ஞாபகத்துக்கு என்பதும் வேலைதான், ஆனால் அந்த வேலைக்கு ஒரு சேலை போதும், பத்து வேண்டாம். வேலை ஏதும் இல்லாமல் உள்ளே கிடப்பதை, வேலை இருக்கிற வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தினசரித் துணிக்கு மட்டும் வருஷக் கணக்கு சரிவரும். போன வருஷம் போடாத சுடிதாரை இந்த வருஷமும் போடமாட்டோம்.

ஆச்சி போய் மூன்று வருஷம் ஆச்சு. அவள் சேலைகள் அப்படியே இருக்கின்றன. எடுத்தால் கை நடுங்குகிறது. எத்தனை வைத்துக்கொள்ளலாம்?

எண்ணிக்கை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் விலை கூடிய சேலையை எடுத்து வைக்கிறார்கள். அது தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் ஆச்சி அந்தப் பட்டைக் கட்டியது எப்போதோ சில நாட்கள்தான். அவளை நீங்கள் பார்த்தது நூல் சேலையில். அப்படி ஒரு சேலையை எடுத்து முந்தியின் மூலையைப் பாருங்கள். காசை முடிந்து முடிந்து அந்த இடம் மட்டும் சுருங்கிப் போயிருக்கும், எத்தனை முறை துவைத்தாலும் அந்தச் சுருக்கம் நீங்காது. இடுப்புப் பக்கம் வெற்றிலைச் சாறு பட்ட ஒரு பழுப்புப் புள்ளி இருக்கலாம். மேல்கரை, தோளில் உரசிய இடத்தில், மெலிந்து உள்ளங்கை தெரியும். இதுதான் ஆச்சியின் சேலை. இதை வைத்துக்கொள்ளுங்கள். பட்டு, கட்டுகிறவர்களுக்குப் போகட்டும்.

வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரு நாள் கூடி உட்கார்ந்து பிரிப்பது நல்லது. அத்தை, சித்தி, மைனி, பேத்திகள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளும்போது, "இது எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது தெரியுமா" என்று தொடங்கி, தெரியாத கதையெல்லாம் வெளியே வரும். மூத்தவர்களை முதலில் எடுக்க விடுங்கள். பிணக்கு வருவது பெரும்பாலும் அந்த வரிசையில்தான், சேலையில் இல்லை.

அதில் வீரவநல்லூர்ச் சேலை இருந்தால் கவனமாக வையுங்கள். அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்த் தறி அது. வீட்டில் இளையவர்கள் யாருக்காவது சொல்லிக் கொடுங்கள்.

அம்மா சேலையில் அவள் வாசம் இருக்கிறது. துவைத்தால் போய்விடுமே?

போய்விடும். அதனால் ஒன்றே ஒன்றைத் துவைக்காமல் வையுங்கள். அது சேலையாக இருக்க வேண்டாம், தலைக்குக் கட்டிய துண்டு போதும். இறுக மூடும் டப்பாவில் தனியாக வையுங்கள். மற்றதைத் துவைத்துத்தான் ஆக வேண்டும். வியர்வை இறங்கிய துணி நாளாக ஆக மஞ்சள் பூத்து, நூல் பலம் இழக்கும், பூச்சியும் அதைத் தேடித்தான் வரும்.

இறந்தவர் துணியை வீட்டில் வைக்கக் கூடாது, பாவநாசத்தில் தாமிரபரணி ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். என்ன செய்ய?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் அழுத்திப் பதில் சொல்கிறேன்.

வீட்டில் வைப்பதும் வைக்காததும் உங்கள் குடும்ப வழக்கம். இறந்தவருக்கான விசேஷம் முடிந்த அன்றே எல்லாவற்றையும் கொடுத்துவிடும் வீடுகளும் உண்டு, அப்பாவின் வேட்டியை மகன் எடுத்து உடுத்தும் வீடுகளும் உண்டு. இரண்டும் நம் ஊர் வழக்கம்தான். ஆனால் ஆற்றில் மட்டும் விடாதீர்கள்.

பாவநாசத்தில் தண்ணீர் வற்றும் நாளில் படித்துறையில் போய் நின்று பாருங்கள். பாறை இடுக்கில், மரவேரில், மணலுக்கு அடியில் எல்லாம் துணி. ஆடி அமாவாசை, தை அமாவாசை முடிந்தால் கேட்கவே வேண்டாம். தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக இழுத்துப் போடுகிறார்கள், அடுத்த அமாவாசைக்குத் திரும்பச் சேர்ந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் விட்டது பருத்தி, நாளாவட்டத்தில் மக்கிவிடும். இன்றைக்கு விடுவதில் நிறையப் பாலியெஸ்டர் கலந்தது. அது மக்காது. குளிப்பவர் காலைச் சுற்றும், மீன் ஒதுங்கும் இடத்தை அடைக்கும். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிக்கத் தண்ணீர் தருவது அந்த ஆறுதான். கரையோரத்தில் பாட்டன், பூட்டனுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, பேரன் குடிக்கிற தண்ணீரில் துணியைப் போட எந்தச் சாமியும் சொல்லவில்லை.

சாங்கியத்துக்குத் தலைமுழுக வேண்டும் என்றால் முழுகுங்கள். ஈரத்துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, துவைத்துக் காயவைத்து, இல்லாதவர்களுக்குக் கொடுங்கள். தானம் என்று சொல்லிக் கொடுத்தால் சடங்குக்கும் அது குறைவில்லை. வீட்டுப் பெரியவர் பிடிவாதமாக இருந்தால் புரோகிதரிடமே முன்கூட்டிப் பேசி, அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். நாம் சொல்லிக் கேட்காதவர்கள் அவர் சொல்லிக் கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் கன்னிக்குப் படைத்த துணி பெட்டியில் இருக்கிறது. அதையும் எடுக்கலாமா?

அதில் கை வைக்காதீர்கள். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளையைக் கன்னியாகக் கும்பிடும் வீடுகளில், பாவாடை தாவணியோ சேலையோ எடுத்து ஓலைப்பெட்டியில் வைத்திருப்பார்கள். அது வழிபாடு, ஒதுங்க வைக்கும் கணக்கில் சேராது.

ஆனால் அந்த வழக்கத்தில் நாம் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சில வீடுகளில் கும்பிடும்போது புதுத் துணியை உள்ளே வைத்து, முன்பு படைத்ததை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். இறந்த பிள்ளைக்கு ஒரு பெட்டி, ஒரு உடுப்பு. பழையது உயிரோடு இருக்கிற பிள்ளை மேல் ஏறிவிடுகிறது. ஞாபகத்துணி சேர்ந்துபோய்த் திணறுகிற வீடுகளில் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்: அப்பாவுக்கு ஒரு பெட்டி, ஆச்சிக்கு ஒரு பெட்டி, பெட்டி கொள்கிற அளவுக்குத் துணி.

கல்யாணப் பட்டைப் பெட்டியில் வைத்தே இருபது வருஷம் ஆச்சு. வெட்டிப் பாவாடை தைக்கலாமா? சகுனம் சரியில்லை என்கிறாள் மாமியார்.

முதலில் சேலை வெட்டுகிற நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் படாத ஜன்னல் பக்கம் விரித்து, மடிப்பு விழுந்த கோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கோடு நெடுகிலும் ஊசிக்கண் போல வெளிச்சம் தெரிந்தால் பட்டு வெடிக்கத் தொடங்கிவிட்டது. மடிப்பின் இரண்டு பக்கமும் விரலால் பிடித்து லேசாக இழுங்கள். "சர்" என்று கிழிந்தால், உடல் பகுதியில் தைத்து எதுவும் நிற்காது. அப்போது கரையையும் முந்தியையும் மட்டும் எடுத்து, புதுத் துணியில் வைத்துத் தைக்கலாம். வெடிப்பு இல்லை என்றால் ஐந்தரை மீட்டரில் சின்னப் பிள்ளைக்குத் தாராளமாகப் பாவாடை சட்டை வரும்.

பட்டுப் பாவாடை தைத்துப் பழகிய டெய்லரிடம் மட்டும் கொடுங்கள். உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் வைக்கச் சொல்லுங்கள், தையலின் இழுவையை அது வாங்கிக்கொள்ளும். நீளத்துக்கு உள்ளே பட்டி பிடித்து விடச் சொல்லுங்கள், இரண்டு வருஷம் கூடப் போடலாம்.

மாமியாருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வெட்ட வேண்டாம். கல்யாண நாளுக்கும் ஆனித் தேருக்கும் கட்டுங்கள். கட்டினாலே மடிப்பு மாறும், சேலை பிழைக்கும். அந்தக் காலத்து ஜாக்கெட் ஏறாது என்பதற்காகச் சேலையைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை, எடுப்பான வேறு நிறத்தில் புது ஜாக்கெட் தைத்துக்கொள்ளலாம்.

"பழைய பட்டுச்சேலைக்குப் பணம்" என்று தெருவில் வருகிறவரிடம் போடலாமா?

அவர் வாங்குவது சரிகைக்காக. அசல் சரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. சேலையை எரித்து வெள்ளியை எடுப்பார்கள். உங்கள் சேலை தீயில் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். வெடித்துப்போன, கட்டவும் வெட்டவும் உதவாத சேலை என்றால் அது நல்ல முடிவுதான்.

போடுமுன் கரையில் ஓர் இழையை உருவிச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல். செம்பு நிறம் மினுங்கினால் வெள்ளி குறைவு. வெள்ளை நூல் வந்தால் பணம் பெரிதாகத் தேறாது. வெள்ளி விலை என்ன என்று அன்றைய பேப்பரில் பார்த்துவிட்டு, இரண்டு பேரிடமாவது கேட்டுக் கொடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவோடு நனைந்த துணிகள். துவைத்து வைத்தோம், இன்னும் வாடை போகவில்லை.

அந்த 17, 18 தேதிகளில் கீழ்த்தட்டில் என்ன இருந்ததோ அதெல்லாம் போனது, பல வீடுகளில் கீழ்த்தட்டில்தான் பட்டு இருந்தது. அந்த இழப்பை யாரும் சின்னதாகப் பேச வேண்டாம்.

பருத்தி என்றால் வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். பட்டில் பூஞ்சை இருந்தால் வீட்டுக்கு வெளியே, மூக்கைக் கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு நிழலில் காற்றாட விட்டு, டிரை கிளீனிங் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் வாடை நின்றால், அல்லது தொட்டால் பொடியாக உதிர்ந்தால், அதை மற்றத் துணியோடு வைக்காதீர்கள், பூஞ்சை பரவும். சாயம் இறங்காத ஒரு சாண் கரையை வெட்டிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார் பாளையங்கோட்டையில் ஒரு பெரியம்மா. எனக்கு அது பிடித்திருந்தது.

பிள்ளைகளின் பிறந்த காலத்து உடுப்புகள்?

அதில் ஒன்றிரண்டு போதும்: முதல் பிறந்தநாள் சட்டை, கிறிஸ்தவ வீடு என்றால் ஞானஸ்நான உடுப்பு. தொட்டில் கட்டிய சேலையைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த பிள்ளைக்கும் அதையே கேட்பார்கள். பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணி போடுவது நம்மிடம் உண்டு. பலமுறை துவைத்த வேட்டியின் மென்மை எந்தப் புதுத்துணிக்கும் வராது, அதனால் தாத்தாவின் பழைய வேட்டிகளை இதற்கென்று எடுத்து வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பாச்சா உருண்டை (அந்துருண்டை) போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்துக் குழந்தைக்குப் போடாதீர்கள். ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த உருண்டையில் உள்ள நாப்தலீனின் வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையை வரவழைக்கலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று பார்த்துத் தெரியாது. குழந்தைத் துணி இருக்கும் இடத்தில் உருண்டையே வேண்டாம்.

அப்பா ஒரு கிழிசல் பனியனைக்கூடக் கொடுக்க விடமாட்டேன் என்கிறார்.

அவர் ஊருக்குப் போன நேரம் பார்த்து எடுத்துவிடாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் அப்புறம் பீரோச் சாவி அவர் அரைஞாணில்தான் இருக்கும். தீபாவளிக்கு ஒரு சட்டை எடுத்து, அதை வருஷம் முழுக்கப் போட்டு வளர்ந்தவர்களுக்குத் துணி என்பது பணம். "எடுத்துப் போடுங்க" என்று சொல்லாமல், "இன்னார் வீட்டுப் பையனுக்கு வேலைக்குப் போட்டுட்டுப் போகச் சட்டை இல்லப்பா" என்று ஆளைச் சொல்லிக் கேளுங்கள். போகிற இடம் தெரிந்தால் அவரே எடுத்துத் தருவார்.

யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதே முதல் வழி. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் மூட்டையைத் திணிக்காமல், விரித்துக் காட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கும் இடம் வேண்டும். முதியோர் இல்லத்துக்கு என்றால் முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். அங்கே பெரும்பாலும் நைட்டி, கைலி, துண்டு, போர்வைதான் தேவைப்படும்.

துவைத்து, பட்டன் தைத்து, மடித்துக் கொடுங்கள். வெள்ள நிவாரணம் என்று வந்து குவிந்த மூட்டைகளில் கிழிந்ததும் கறை பட்டதும் கிடந்ததை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். நாம் உடுத்தத் தயங்குவதை இன்னொருவருக்கு உடுத்தக் கொடுக்கக் கூடாது.

பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் தட்டோ பிளாஸ்டிக் வாளியோ வாங்குவதிலும் தப்பில்லை. அவர் கை மாறி அது யாரோ உடுத்தவோ துடைக்கவோ போய்ச் சேரும். கிழிந்த பருத்தியை நீங்களே பிடித்துணியாகவும் தரைதுடைக்கவும் வெட்டிக்கொள்ளுங்கள். எந்தத் துணியையும் எரிக்காதீர்கள், பாலியெஸ்டர் புகை நெஞ்சுக்கு ஆகாது.

வைத்துக்கொள்பவற்றை எப்படிப் பாதுகாப்பது?

பட்டைத் துவைத்த வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரை எடுத்துவிடுங்கள், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துச் சரிகையைக் கறுக்கச் செய்வது அதுதான். சரிகை உள்பக்கம் வருகிற மாதிரி மடித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். கனமான பட்டை ஹேங்கரில் தொங்கவிட்டால் அதன் கனமே அதைக் கிழிக்கும். சென்டு நேராக அடிக்காதீர்கள். பாச்சா உருண்டை சரிகையில் படக் கூடாது. அதற்குப் பதில் வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ சின்னத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம், வாடை குறைந்ததும் மாற்ற வேண்டும். கஞ்சி போட்ட வேட்டியை அப்படியே எடுத்து வைக்காதீர்கள், கஞ்சிக்காகவே பூச்சி வரும். அலசிவிட்டு வையுங்கள்.

மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுக்கு எது வேண்டும் என்று தெரியவில்லை. நாங்களே முடிவு பண்ணலாமா?

வீடியோ காலில் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுங்கள். "வேண்டும்" என்று சொல்பவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, அடுத்த முறை ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். இரண்டு முறை வந்தும் எடுக்கவில்லை என்றால் கேட்டுவிட்டு வேறு யாருக்காவது கொடுக்கலாம்.

வைக்கிற ஒவ்வொரு சேலைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதுங்கள்: யாருடையது, எந்த விசேஷத்துக்கு எடுத்தது, எந்த வருஷம், எந்தக் கடை. நெல்லையில் 1924-ல் தொடங்கிய ஆர்எம்கேவியில் எடுத்ததா, வீரவநல்லூரில் தறிக்காரர் வீட்டுக்கே போய் வாங்கியதா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியாது. சீட்டைச் சேலைக்குள் வைக்காமல், சுற்றிய வேட்டித் துணியின் மேல் குத்தி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மழைக்காலத்து ஈரத்தில் இளகித் துணியில் இறங்கிவிடும். குண்டூசி துரு ஏறிக் கறை விடும், நூலால் ஒரு தையல் போட்டால் போதும்.